நாலேகாலில் கழிக்க வேண்டியது

அமலா கண்ணு,

நீ கேட்டனுப்பிய பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்து மடித்து மாப்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன். எல்லாம் உன் அம்மா கட்டி நைந்தவை, பிள்ளை உடம்புக்கு உறுத்தாது. அதே பையின் அடியில் வேட்டித் துணியில் முடிந்த ஒரு பொட்டலம் இருக்கும். அதில் இரண்டு இரும்பு எடைக்கற்களும் ஒரு பழைய ஆஸ்பத்திரி அட்டையும் இருக்கின்றன. இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு அதைப் பிரி. முதலிலேயே பிரித்தால், பெற்ற வயிற்றோடு படுத்திருப்பவளுக்கு எடைக்கல் அனுப்பிய அப்பனைப் பற்றி என்ன நினைப்பாயோ தெரியாது.

நேரில் வந்து சொல்ல வேண்டிய விஷயம்தான் இது. பெங்களூரு எனக்கு ஒன்றும் தூரமில்லை. அந்தக் காலத்தில் புளி லோடோடு வாரத்துக்கு நான்கு தடவை போய்வந்தவன் நான். சரி, வாரத்துக்கு நான்கு இல்லை, மாதத்துக்கு ஒன்று. பார்த்தாயா, இதுதான் என் கஷ்டம். வாயைத் திறந்தால் எல்லாமே கூடிவிடுகிறது. டீக்கடையில் உட்கார்ந்தால், "மாமா, ஒன்னு எடுத்து வுடுங்க" என்று கேட்பதற்கே நான்கு பேர் இருக்கிறார்கள். கடத்தூருக்கே நான் மாமா, உனக்கு மட்டும்தான் அப்பா. பேனா பிடித்தால் அப்படி ஓட முடியாது. ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதுகிற வேகத்துக்கு ஒவ்வொரு வார்த்தையையும் தூக்கிப் பார்த்துத்தான் இறக்க வேண்டியிருக்கிறது. தவிர, இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை, முட்டி மடங்கவில்லை, கதை விடுகிற தெம்பு உடம்பில் இல்லை. அதனால் இன்றைக்கு நான் எழுதுவதை நம்பலாம். பழக்கதோஷத்தில் எங்கேயாவது கூட்டியிருந்தால் அங்கேயே கழித்தும் எழுதிவிடுகிறேன்.

முந்தாநாள் சாயங்காலம் நீ போன் செய்தாய். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட உன் பையன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான். பிறந்த அன்றைக்கு ஒன்று புள்ளி ஒன்பது கிலோ இருந்தான், பிறகு ஒன்று புள்ளி எட்டு ஐந்து, அன்றைக்குக் காலையில் ஒன்று புள்ளி எட்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். இரண்டு கிலோ வந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்களாம், இவன் ஏறுவதற்குப் பதிலாக இறங்குகிறான் என்றாய். நான் வழக்கம்போல நம் வம்சத்து உடம்பைப் பற்றி ஆரம்பித்தேன். நீ குறுக்கே புகுந்து கேட்டாய். "நாலேகால் கிலோவுல பொறந்தவ நானு. என் வயித்துல மட்டும் ஏம்ப்பா இப்புடி? நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

நான் சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அங்கே உன்னோடு இருக்கிற உன் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து போன் செய்தாள். நீ இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் கிடக்கிறாய், சோறு இறங்காவிட்டால் பால் எப்படி ஊறும் என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அந்த நாலேகால நீங்கதான் ஏத்துனீங்க. நீங்களே எறக்கி வெச்சிருங்க. நான் சொன்னா, மனசத் தேத்தறதுக்குச் சொல்றேன்னு நெனைப்பா."

ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். நீ பிறந்தபோது நாலேகால் கிலோ இல்லை. நான்கும் இல்லை, மூன்றும் இல்லை. ஒன்று புள்ளி ஆறு ஐந்து. என் கணக்கில் சொன்னால், ஒன்றரைக் கிலோவும் அதற்கு மேல் நூற்றைம்பது கிராமும். நீயும் எட்டாம் மாதத்துப் பிள்ளைதான். உன்னையும் தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில்தான் வைத்திருந்தார்கள்.

இதைப் படித்ததும் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். 'அப்பா எப்போதும் ஏற்றிச் சொல்வார், இப்போது எனக்காக இறக்கிச் சொல்கிறார்' என்றுதான் நினைப்பாய். ஊர் முழுக்க இருபத்து நான்கு வருடமாகப் பெரிதாகவே சொன்னவன், சின்னதாக ஒன்றைச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை சேர்க்கிற மாதிரி எதுவும் இல்லை. நம்புவதற்கு அந்த ஒரு காரணம் போதும்.

மண்டியில் எடை போடுகிறவனுக்குக் கைதான் படிப்பு. இன்றைக்கும் ஒரு பொருளைக் கையில் வாங்கினால் எடை சொல்வேன். ஏரியூர்க்காரர் ஒருவர் ஒரு பரங்கிக்காயைக் கொண்டுவந்து என்னைச் சோதித்த கதையை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். ஆறே முக்கால் என்றேன், தராசில் வைத்தால் ஆறே முக்கால். ஜில்லாவிலேயே அப்படி ஒரு கை கிடையாது. ஜில்லாவைக் கழித்துவிடு, எங்கள் மண்டியில் கிடையாது. காலும் அரையும் முக்காலும் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டக் கழிக்க வரும். புள்ளி வைத்த கணக்குதான் வராது. பள்ளிக்கூடத்தில் தசமப் புள்ளி பாடம் ஆரம்பித்த வாரத்தில்தான் நான் வேலைக்குப் போனேன். அது இல்லாமலே பிழைத்துக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன்.

நீ பிறந்த மறுநாள் உன் அம்மாவுக்கு ஆப்பரேஷன் காய்ச்சல். அவள் ஒரு வார்டில், நீ ஒரு வார்டில். நான் நடுவில் படிக்கட்டில். உன் பெட்டியில் ஓர் அட்டை தொங்கும், தினமும் காலையில் நர்சு அதில் உன் எடையை எழுதுவார். முதல் நாள் 1.65. இரண்டாம் நாள் 1.6. எனக்கு என்ன தெரிந்தது தெரியுமா? அறுபத்தைந்து இருந்த இடத்தில் ஆறு நிற்கிறது. என் பிள்ளை ஒரே நாளில் கரைந்துபோய்விட்டது என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. ஊருக்கே எடை போடுகிறவன் எடையைப் பற்றிப் போய்க் கேட்பதா? வெளியே வேப்பமரத்தடியில் பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்து உன் முகத்தைப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் எட்டிப் பார்த்தால் 1.55. ஆறு ஐம்பத்தைந்தாகிவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. கடைக்குப் போய் மைசூர்பாகு வாங்கி வார்டு முழுக்க ஐம்பது பேருக்குக் கொடுத்தேன். பன்னிரண்டு பேர். எல்லோரும் வாங்கிச் சாப்பிட்டார்கள். நர்சு மட்டும் வாங்கவில்லை. மெலிந்த அம்மாள், பெயர் அமலா. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைக்கு உடம்புச் சூடு நிற்கவில்லை, தாய்க்குக் காய்ச்சல் இருப்பதால் தகப்பன்தான் சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும் என்றார். நான் பெட்டிக்குள் பார்த்தேன். என் உள்ளங்கை அளவுக்குத்தான் இருந்தாய். நூறு கிலோ சிப்பத்தை முதுகில் ஏற்றுகிறவனுக்கு, கண்ணு, அன்றைக்குக் கை நடுங்கியது. நடுங்குகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கதை வந்தது. "எங்க குலத்துல பேரு வெக்கிற வரைக்கும் அப்பன் கொழந்தையத் தூக்கக்கூடாதுங்க சிஸ்டர்" என்றேன். அப்படி ஒரு வழக்கம் எங்கள் குலத்தில் கிடையாது, எந்தக் குலத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த நிமிடத்தில் பிறந்த வழக்கம். எடைதான் நன்றாக ஏறிக்கொண்டிருக்கிறதே என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். நான் நின்று கேட்கவில்லை. புளி வரத்து நேரம், மண்டியில் ஆள் இல்லை என்று பஸ் ஏறிவிட்டேன்.

இரண்டு நாள், கண்ணு. இரண்டு நாள் நான் மண்டியில் எடை போட்டுக்கொண்டு இருந்தேன். கேட்டவர்களிடமெல்லாம் என் பெண் நாளுக்கு ஐம்பது ஐம்பதாக ஏறுகிறாள் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளை எழுதச் சொன்னால் இந்த இரண்டு நாளை முதலில் எழுதுவேன், வேறு எதையும் எழுத இடம் இருக்காது.

ஐந்தாம் நாள் திரும்பிப் போனேன். அட்டையில் 1.48. ஐம்பத்தைந்து நாற்பத்தெட்டாகியிருக்கிறது, ஏழுதானே குறைந்தது, நாளைக்குச் சரியாகிவிடும் என்றேன். அமலா சிஸ்டர் கோபப்பட்டுப் பார்த்ததே இல்லை என்று வார்டில் சொல்வார்கள். அன்றைக்கும் கோபப்படவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "அரைக் கிலோவ நாங்க புள்ளி அஞ்சுன்னு எழுதுவோம். அப்ப அது அஞ்சு கிராமாங்க?" என்று கேட்டார்.

அங்கேயே மனசுக்குள் கணக்குப் போட்டேன். புள்ளி ஐந்து ஐந்நூறு என்றால் புள்ளி ஆறு அறுநூறு. புள்ளி ஐந்து ஐந்து ஐந்நூற்றைம்பது. புள்ளி நான்கு எட்டு நானூற்றெண்பது. வரிசையாக ஒவ்வொன்றும் என் தலைக்குள் கல்லாக இறங்கியது. நீ ஒரு நாள்கூட ஏறவில்லை. நான் மைசூர்பாகு கொடுத்த அன்றைக்கும் இறங்கிக்கொண்டுதான் இருந்தாய். ஒன்று புள்ளி ஆறு ஐந்தில் ஒன்று புள்ளி நான்கு எட்டு போனால் நூற்றெழுபது கிராம். ஒரு நூறு, ஒரு ஐம்பது, ஒரு இருபது. மூன்று கல் எடை என் பிள்ளை மேலிருந்து போயிருக்கிறது, நான் பார்க்காமல் இருந்திருக்கிறேன். ஒன்றரைக்கும் கீழே இருபது கிராம். அதற்கு மேல் புள்ளிக் கணக்கு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"பேரு வெக்காம தூக்க மாட்டீங்கன்னீங்களே" என்றார் அந்த அம்மாள். "இப்பவே வெச்சிருங்க."

எனக்கு எந்தப் பெயரும் தோன்றவில்லை. அவருடைய நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தேன், எழுத்துக்கூட்டிப் படித்தேன், அதையே சொன்னேன். ஜாதகத்தில் எழுத்துப் பார்த்துத் திருவண்ணாமலைச் சாமியார் வைத்த பெயர் என்று உனக்கு நான் சொல்லியிருப்பதையும் இத்தோடு கழித்துக்கொள்.

சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். உன்னை என் நெஞ்சில் வைத்து மேலே ஒரு துணியைப் போர்த்தினார். கையில் வந்ததும் எடை தெரிந்துவிட்டது. அட்டை வேண்டாம், புள்ளி வேண்டாம். முதல் நாளே உன்னைத் தூக்கியிருந்தால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எல்லாமே என் கைக்குத் தெரிந்திருக்கும். அதைத்தான் இன்றுவரை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. தெரியாத எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், தெரிந்த கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதன்பிறகு தினமும் காலையில் இருந்து சாயங்காலம் வரை அந்த நாற்காலிதான். முதலில் 1.48-லேயே நின்றாய். அப்புறம் ஒன்றரை. அப்புறம் கிராம் கிராமாக ஏறி, 1.8 வந்த அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். உன் அம்மா உன்னை வாங்கிக்கொண்டபோது என் நெஞ்சுமுடி ஒன்று உன் கைக்குள் இருந்தது என்று சொல்வாள். அது நானாகச் சேர்த்ததில்லை.

பிறகு ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். உன்னைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ்ஸில் ஏறியதும் பக்கத்து ஊர்க்காரர் எட்டிப் பார்த்து, எலிக்குஞ்சு மாதிரி இருக்கிறதே, எவ்வளவு இருந்தது என்றார். பெண்பிள்ளை, ஒரு பேச்சு ஊருக்குள் விழுந்தால் கல்யாணம் வரைக்கும் கூடவே வரும் என்று பயந்து, மூன்று கிலோ என்றேன். அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. உண்மை எடையைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்புறம் என்ன ஆயிற்று, நீ எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். மூன்று கிலோப் பிள்ளையைப் பற்றி யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. தொட்டிலில் போட்ட அன்றைக்கு அது மூன்றேகால் ஆயிற்று. நீ பள்ளியில் சேர்ந்தபோது மூன்றரை. வயதுக்கு வந்தபோது மூன்றே முக்கால். நிச்சயத்துக்கு நான்கு. கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் நாலேகால். நீ வளர வளர, பிறந்த நாளிலும் வளர்ந்துகொண்டே வந்தாய். உன் அம்மா ஒவ்வொரு தடவையும் பந்தி இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வாள்.

நீ ஆறாம் வகுப்புப் படித்தபோது ஒரு நாள் நடந்தது நினைவிருக்கிறதா? கதை மாதிரி எழுதிக் கேட்கிற கணக்குகளை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாய். ஒருத்தியிடம் நாலரை மீட்டர் துணி இருக்கிறது, 2.75 மீட்டர் வெட்டிவிட்டாள், மீதி எவ்வளவு என்று ஒரு கணக்கு. ஒன்றே முக்கால் என்று நான் நின்ற இடத்திலேயே சொன்னேன். நீ எழுதிப் போட்டு 1.75 என்றாய். எதற்கு ஒரே சங்கதிக்கு இரண்டு வேஷம் என்று உன்னோடு சண்டை போட்டேன். "பின்னத்துல கேட்டா பின்னத்துல சொல்லுங்க, புள்ளியில கேட்டா புள்ளியில சொல்லுங்க. ரெண்டையும் கலந்து கேட்டா மொதல்ல ஒரே மாதிரி மாத்திக்கோங்கப்பா" என்று டீச்சர் மாதிரி சொன்னாய். அப்போது நான் உன்னிடம் கேட்டேன், ஒன்று புள்ளி ஆறு பெரிதா, ஒன்று புள்ளி ஐந்து ஐந்து பெரிதா என்று. நீ தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாய்: "ஆறுக்குப் பின்னாடி ஒரு சைபர் போட்டுப் பாருங்க. அறுவதா, அம்பத்தஞ்சா?" நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கணக்கில் தோற்றதற்குக் கோபித்துக்கொண்டார் என்று நீ அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாயாம். கோபம் இல்லை, கண்ணு. ஒரு சைபர். அது எனக்கு அன்றைக்கு மரத்தடியில் தெரிந்திருந்தால், நான் இரண்டாம் நாள் அழுதிருக்க மாட்டேன், மூன்றாம் நாள் சிரித்திருக்க மாட்டேன்.

நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே நேற்று முழுக்க உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஓர் அப்பன் தன் மகள் நாலேகால் கிலோ என்று ஊரெல்லாம் சொன்னான். அவள் உண்மையில் இருந்தது 1.65 கிலோ. அவன் கூட்டிச் சொன்னது எவ்வளவு? நாலேகாலை 4.25 என்று மாற்றிக்கொண்டேன். கழித்தால் இரண்டு புள்ளி ஆறு. பின்னால் ஒரு சைபர் போட்டும் பார்த்துவிட்டேன். இரண்டு கிலோ அறுநூறு கிராம், கண்ணு. அது உன் அம்மா வயிற்றில் பிறந்ததில்லை, என் வாயில் பிறந்தது. உன் பையனைவிட என் பொய்க்கு எடை அதிகம். அதைத்தான் நீ இத்தனை நாளாக உன் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்து அழுதிருக்கிறாய். அதைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்துவிடு. அது என்னுடையது. நீ எந்தத் தப்பும் பண்ணவில்லை. இந்தக் கடிதத்தை உன் மாமியார் வீட்டாருக்கும் படித்துக் காட்டு. ஊருக்கு நடுவில் சொன்ன பொய்யை மூடிய உறைக்குள் மட்டும் திருத்தினால் அதுவும் இன்னொரு பொய்.

உனக்குச் சொல்ல எனக்கு உரிமை உள்ள புத்தி கொஞ்சம்தான். வைத்தியத்தை டாக்டரிடம் கேள், நான் அதில் வாய் வைக்க மாட்டேன். அட்டையில் எழுதுவது புரியவில்லை என்றால் அங்கேயே நின்று கேள், பத்துத் தடவை ஆனாலும் கேள். அவர்கள் பிள்ளையை நெஞ்சில் போடலாம் என்று சொன்னதும் போட்டுக்கொள், நீ களைத்துப்போனால் மாப்பிள்ளையைப் போட்டுக்கொள்ளச் சொல். அவர் இங்கே உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கும் கை நடுங்குகிறது. நடுங்கினால் பரவாயில்லை, குலவழக்கம் எதுவும் கிடையாது என்று மாமனார் எழுதியிருப்பதாகச் சொல். முதலில் சோறு சாப்பிடு.

இப்போது பொட்டலத்தைப் பிரி. அட்டை உன்னுடையது. வோட்டர் கார்டுக்குப் பின்னால் இத்தனை வருடமாக வைத்திருந்தேன், மை மங்கிவிட்டது, புள்ளிகள் தெரிகின்றன. மேலே 1.65 இருக்கும், அதற்குக் கீழே ஒவ்வொரு நாளும். என்னை நம்ப வேண்டாம், அமலா சிஸ்டரின் கையெழுத்தை நம்பு. கற்கள் என்னுடையவை. மண்டியில் இப்போது கரன்ட் தராசுதான், அது என்னைவிடச் சரியாகச் சொல்கிறது, ஆனாலும் இவற்றை நான் வீட்டில் வைத்திருக்கிறேன். கால் கிலோவுக்கென்று தனிக் கல் கிடையாது, இருநூறையும் ஐம்பதையும் சேர்த்தால்தான் கால். இரண்டையும் ஒன்றாக உள்ளங்கையில் எடுத்துப் பார். உன் பையன் பிறந்தது 1.9, நீ பிறந்தது 1.65. பின்னால் சைபர் போட்டுக் கழி. அந்தக் கனம்தான், அவன் உன்னைவிடக் கூட. உன்னைவிட முழுசாகக் கால் கிலோ கூடுதலாகப் பிறந்தவனை நீ பெற்றிருக்கிறாய்.

பிறகு ஐம்பதைக் கீழே வைத்துவிட்டு இருநூறை மட்டும் வைத்துக்கொள். அவன் வீடு வருவதற்கு இன்னும் ஏற வேண்டியது அவ்வளவுதான். மாப்பிள்ளை இந்தப் பையோடு அங்கே வந்து சேர்வதற்குள் அதில் கொஞ்சம் ஏறியிருந்தால் எனக்குப் போன் செய். ஏறவில்லை என்றாலும் செய். இரண்டு நாள் தெரியாமல் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும், அதை இன்னொரு தடவை என்னால் முடியாது.

அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது கற்களையும் கொண்டு வா. வந்ததும் பையனை என் கையில் கொடு. எடை சொல்கிறேன், ஒரு கிராம் கூட்டிச் சொல்ல மாட்டேன். ஊரார் வந்து கேட்டால் மட்டும், நீயே பதில் சொல்லிவிடு.

உன் அப்பா